தாய் மரணத்தைக் கேட்கும்போது சட்டம் எதை அனுமதிக்கிறது?

கேள்வி: என் தாய்க்கு, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் செயலிழக்கும் மோட்டார் நியூரான் நோய் இருப்பது உறுதியாகியுள்ளது. மூச்சுக்குக் கருவியை நம்பிப் படுக்கையில் கிடக்க விருப்பமில்லை என்றும், மருத்துவர் ஏதாவது மருந்து கொடுத்தால் நிம்மதியாகப் போய்விடுவேன் என்றும் சொல்கிறார். அவர் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்பது என் எண்ணம். மருத்துவரான என் தங்கை கடுமையாக எதிர்க்கிறாள். இதற்கு அனுமதியுள்ள வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லலாமா?

பதில்: உங்கள் தாய் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்கிறார். உயிரை முடிக்க மருந்து வேண்டும் என்பது ஒன்று. கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்பது மற்றொன்று. இந்தியச் சட்டம் முதலாவதை மறுக்கிறது, இரண்டாவதை உரிமையாக ஏற்கிறது. அண்ணனும் தங்கையும் முதலாவதைப் பற்றியே வாதிட்டுக்கொண்டு, இரண்டாவதற்கான காலத்தை இழந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

தற்கொலைக்கு உடந்தையாக இருப்பவருக்கு, அவர் மருத்துவரானாலும் மகனானாலும், இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆம் பிரிவின்கீழ் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம். மருத்துவரே ஊசி போட்டால், நோயாளி சம்மதித்திருந்தாலும் அது குற்றமே. சம்மதம் கொலை என்ற நிலையிலிருந்து அதைக் குறைக்குமே தவிர, விடுதலை தராது. சுவிட்சர்லாந்தில் சுயநல நோக்கமின்றி உதவுவது குற்றமில்லை என்பது உண்மைதான். ஆனால் இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்யும் குற்றங்களுக்கும் நம் சட்டம் பொருந்தும் என்பதால், அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்யும்படி உங்களுக்கு நான் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

தங்கையைக் கல்மனம் கொண்டவராக நினைக்காதீர்கள். மருத்துவர் உதவியுடனான தற்கொலையை எதிர்க்கும் உலக மருத்துவச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டுப் பிரகடனமே, சிகிச்சை வேண்டாம் என்னும் நோயாளியின் உரிமையை மதிக்கும் மருத்துவர் நெறி தவறியவராக மாட்டார் என்றும் கூறுகிறது. உயிரை முடிக்கும் மருந்துக்கு அனுமதியுள்ள அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் வலியன்று, தம் வாழ்க்கை தம் கையைவிட்டுப் போகிறது என்பதே. மருந்தைப் பெற்றவர்களிலும் கணிசமானோர் அதை உட்கொள்வதில்லை. எனவே உங்கள் தாய் எதற்கு அஞ்சுகிறார் என்பதைப் பொறுமையாகக் கேளுங்கள். மனச்சோர்வு இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. மூச்சுத்திணறலையும் வலியையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சை சட்டப்படி முற்றிலும் சரியானது. அதைக் கடைசி நாட்களுக்கென்று ஒதுக்கி வைக்காமல் இப்போதே தொடங்கலாம்.

கருவி வேண்டாம் என்னும் விருப்பத்துக்கு வழி தெளிவாக இருக்கிறது. கண்ணியத்துடன் இறக்கும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தையும் ஏற்றது. அப்போது விதித்த கடினமான நடைமுறையை 2023 ஜனவரியில் எளிமையாக்கியது. தெளிந்த மனநிலையில் உள்ள வயதுவந்தவர் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை. வென்டிலேட்டர், குழாய் வழி உணவு, நின்ற இதயத்தை மீட்கும் முயற்சி ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மங்கலான வாசகம்தான் மருத்துவமனையில் தகராறாகும். பின்னர் அவர் தாமே முடிவெடுக்க இயலாத நிலையை அடைந்தால், மருத்துவமனையின் முதல் குழுவும் அதன்பின் இரண்டாம் குழுவும், தலா குறைந்தது மூன்று மருத்துவர்களுடன், சிகிச்சையை நிறுத்தலாமா என்று கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

இந்த நோயில் பேச்சும் கையும் முன்னதாகவே செயலிழக்கக்கூடும் என்பதால் தாமதிக்க வேண்டாம். அவர் சார்பில் பேசுவோராக ஒருவருக்கு மேற்பட்டோரைக் குறிப்பிட இப்போது இடமுண்டு. உங்கள் இருவர் பெயரையும் எழுதுங்கள். தாயின் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது என்று தங்கை கேட்பார். ஆவணத்தை எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றவோ திரும்பப் பெறவோ தாய்க்கு உரிமை உண்டு என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.