சுற்றாடல் கேள்வி பதில்: கிணறு, சாம்பல், மணல்

சுற்றாடல் வெளிக்கள வேலையில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது திருகோணமலையில்தான் இருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

தம்பலகாமம்: ஐயா, பக்கத்து அரிசி ஆலையின் உமிச் சாம்பல் கொடியில் காயும் உடுப்பெல்லாம் படிகிறது. பிள்ளைக்கு முட்டு வேறு. யாரிடம் சொல்வது?

தங்கச்சி, முதலில் அந்த ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1981 இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை அமைந்தது. காற்று, நிலம், நீர் மூன்றையும் காக்க அதன் கையில் இருக்கும் பெரிய பிடி இந்த உரிமம்தான். புகை, கழிவுநீர், சத்தம் வெளியேற்றும் தொழில்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள தொழிலை உரிமம் இல்லாமல் நடத்துவது குற்றம். பெரிய தொழில்களை அதிகார சபையே பார்க்கும், சிறியவற்றைப் பிரதேச சபை பார்க்கும்.

உரிமம் என்றால் வெறும் அனுமதி இல்லை, அதில் நிபந்தனைகள் எழுதியிருக்கும். புகைபோக்கி எப்படி இருக்க வேண்டும், சாம்பலை எங்கே மூடி வைக்க வேண்டும், கழிவுநீர் எங்கே போக வேண்டும் என்றெல்லாம். "புகை வருகிறது" என்று மொட்டையாக எழுதினால் யாரும் பதில் சொல்லித் தப்பலாம். "இந்த நிபந்தனை மீறப்படுகிறது" என்று எழுதினால் தப்ப முடியாது. நிபந்தனைகளின் பிரதியை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். உரிமம் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படும். அதற்கு முன்பே உங்கள் கடிதம் அலுவலகக் கோவையில் இருக்க வேண்டும்.

முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் கழித்து, "அப்படி ஒரு கடிதமே வரவில்லை" என்று என்னிடமே சொன்னார்கள். முத்திரை போட்ட பிரதியை மேசையில் வைத்த பிறகுதான் கோவை வெளியே வந்தது.

உப்புவெளி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் இரண்டு வருடமாக உப்புக் கரிக்கிறது, சவர்க்கார வாசமும் வருகிறது. பக்கத்தில் ஒரு ஹோட்டல் இருக்கிறது. அதுதான் காரணமா?

இது இரண்டு பிரச்சினை. உப்பு வேறு, சவர்க்காரம் வேறு.

சவர்க்காரம் என்றால் கழிவுநீர்க் குழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்படி ஒரு கிணற்றில் நான் வாளி போட்டு அள்ளியிருக்கிறேன். வாளியை நிலத்தில் வைத்தபோது விளிம்பைச் சுற்றி வெள்ளை நுரை வளையமாக ஒட்டி நின்றது, ஊதியும் கலையவில்லை. "இந்தத் தண்ணீரில் பருப்பு வேகுதே இல்லை" என்றார் அந்த வீட்டு அம்மா. நம் கரையோரம் முழுக்க மணல். ஊற்றியது எதுவும் நின்று வடிகட்டப்படுவதில்லை, நேரே இறங்கிவிடும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்பது வழக்கமான அளவு. மணல் நிலத்தில் அது போதாமலும் போகலாம். குழி உங்களுடையதாகவும் இருக்கலாம், அதையும் அளந்து பாருங்கள். உப்பு ஏன் வருகிறது என்பதைக் கீழே நிலாவெளிக்காரருக்கு எழுதியிருக்கிறேன்.

நிலாவெளி: நான் ஹோட்டல் நடத்துபவன். எதற்கெடுத்தாலும் எங்களையே குற்றம் சொல்கிறீர்கள். மழை குறைந்தால் கிணறு உப்பாகத்தான் செய்யும். எங்களால் எத்தனை குடும்பங்கள் சாப்பிடுகின்றன தெரியுமா?

தெரியும் தம்பி. உங்களை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் மழையில் மட்டும் பழியைப் போட முடியாது.

கரையோர மணலுக்கு அடியில் நன்னீர், கடல் நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் நீர் சற்றுக் கனமானது. அதனால் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். மோட்டரால் இழுத்து மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், காலப்போக்கில் உப்பு நீர் 40 அடி மேலே ஏறும்.

இங்கே மழை வடகீழ்ப் பருவத்தில், ஐப்பசி முதல் தை வரை. உங்கள் சீசன் சித்திரைக்குப் பிறகு, சரியாக வறட்சிக் காலத்தில். நிலத்துக்குள் தண்ணீர் குறைவாக இருக்கும் மாதங்களில்தான் அறைகள் நிரம்புகின்றன, குளியல், நீச்சல் தடாகம், துணி துவைப்பு எல்லாம் கூடுகிறது. இதை மழையின் தலையில் கட்டலாமா?

சாம்பல்தீவு: ஹோட்டலை மட்டும் சொல்லாதீர்கள் ஐயா. நாங்களும் தென்னைக்கு விடிய விடிய மோட்டர் போடுகிறோம்.

உண்மை. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. விடியவும் பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள், அடிமரத்தைச் சுற்றிப் பொச்சுமட்டை போடுங்கள். மணல் ஈரத்தைப் பிடித்து வைக்காது, மட்டை வைக்கும்.

நகரம்: கோவில் ஒலிபெருக்கி இரவு பதினொரு மணி வரை.

பொலிஸ்.

கிண்ணியா: பக்கத்து வீட்டார் தினமும் பொலித்தீன் எரிக்கிறார்கள். யாரிடம் முறைப்பாடு செய்வது?

குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பர் 1 முதல் தடை. முதலில் பேசிப் பாருங்கள். குறைந்த சூட்டில் பிளாஸ்ரிக் எரியும்போது வரும் நஞ்சு அவர்களின் பிள்ளைகளுக்குத்தான் முதலில் போகும். கேட்காவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். எழுத்தில், முத்திரையோடு.

மூதூர்: ஆற்றில் இரவில் டிராக்டர் டிராக்டராக மணல் போகிறது. சுற்றாடல் சபை தூங்குகிறதா?

மணல் அகழும் அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம், 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி. அனுமதி இல்லாமல் ஓடினால் பொலிஸும் பிடிக்கலாம். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்துக்கு மேலே ஆற்றடி தாழ்ந்தால், கடல் நீர் ஆற்று வழியே உள்ளே வரும். அந்த உப்பு உங்கள் வயலுக்கும் கிணற்றுக்கும் வரும். கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

சீனக்குடா: வாகனச் சேவை நிலையத்தின் கழிவு எண்ணெய் வாய்க்காலில் ஓடுகிறது. யாரிடம் சொல்வது?

மேலே தம்பலகாமத்துக்கு எழுதியதை வாசியுங்கள். இதே கேள்வி இன்றைக்கு மூன்றாவது முறை.

நகரம்: கோட்டைப் பக்கத்து மான்கள் குப்பையைத் தின்கின்றன. பார்க்கவே வயிறு எரிகிறது.

எனக்கும்தான். ஒரு மான் சோற்று மணம் ஒட்டிய லஞ்ச் சீற்றை மென்று மென்று விழுங்கியதை நின்று பார்த்திருக்கிறேன், கிட்டப் போவதற்குள் முடிந்துவிட்டது. வயிற்றுக்குள் போனது கரையாது. அங்கேயே திரண்டு கிடக்கும். மான் வயிறு நிறைந்ததாக நினைத்துப் பட்டினியில் சாகும். பொலித்தீன் லஞ்ச் சீற் 2017 இலேயே தடை செய்யப்பட்டது. விற்கும் கடையைக் கண்டால் அதிகார சபைக்கு எழுதுங்கள். கோணேசர் கோவிலுக்குப் போகும்போது சோற்றுப் பார்சலை வாழையிலையில் கட்டுங்கள்.

சம்பூர்: பொதுமக்கள் எழுதி எதுவும் மாறுமா?

உங்கள் ஊரே சாட்சி. 500 மெகாவாற் நிலக்கரி மின் நிலையம் வருவதாக இருந்தது. மக்கள் எதிர்த்தார்கள், வழக்குப் போனது, 2016 இல் அதைக் கட்டப்போவதில்லை என்று அரசு உயர் நீதிமன்றத்துக்குச் சொன்னது. பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானதும் 30 வேலை நாட்கள் பொதுமக்கள் கருத்துக்குத் திறந்திருக்கும். அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள்.

நிலாவெளி (அதே ஹோட்டல்காரர்): சரி ஐயா. நான் என்ன செய்ய வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள்.

உங்கள் உரிமத்தை எடுத்து கழிவுநீர் நிபந்தனையை வாசியுங்கள். நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் உயிரியல் ஒட்சிசன் தேவை (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஒட்சிசனின் அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சுத்திகரிக்கும் நிலையம் இருந்தால் அது உண்மையில் ஓடுகிறதா என்று பாருங்கள், காற்றடிக்கும் மோட்டரை மின்கட்டணத்துக்குப் பயந்து நிறுத்தி வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். துவைத்த தண்ணீரைத் தனிக் குழாயில் எடுங்கள். கூரைத் தண்ணீரை மார்கழியில் நிலத்துக்குள் இறக்குங்கள். சீசன் தொடங்குமுன் ஒரு போத்தல், முடிந்த பின் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து, எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று காட்டும் குளோரைட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கையைப் பக்கத்து வீட்டாருக்கும் காட்டுங்கள்.