வெளியே பேசிக்கொள்வோமா?

கேள்வி: ஈபேயில் பழைய கேமரா லென்ஸை ஏலம் விட்டிருக்கிறேன். புத்தம்புதுக் கணக்கு ஒன்று விலையை எக்கச்சக்கமாக ஏற்றிவிட்டு, “ஏலத்தை முடியுங்கள், வெளியே பேசிக்கொள்வோம்” என்கிறது. சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா?

பதில்: சந்தேகம்தான், தாராளமாக! எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காத வசனம் அது. தளத்தை விட்டு வெளியே போனால் அதன் பாதுகாப்பும் போச்சு. அந்தக் கேட்பை ரத்து செய்து, ஆளையும் தடைப் பட்டியலில் போடுங்கள். விற்பவருக்கு அந்த உரிமை உண்டு. இன்னொரு தில்லாலங்கடி: ஒருவர் குறைந்த விலை கேட்டு வைப்பார், அவருடைய கூட்டாளி விலையை உச்சத்துக்கு ஏற்றி மற்றவர்களை விரட்டுவார், பிறகு அதை வாபஸ் வாங்குவார், முதல் ஆள் அடிமாட்டு விலைக்கு அள்ளிப்போவார். ஏலத்தின் கடைசி 12 மணி நேரத்தில் கேட்ட விலையை, கேட்ட ஒரு மணி நேரத்துக்குள்தான் வாபஸ் வாங்க முடியும் என்ற விதி இதற்காகவே போலும். ‘பணம் அனுப்பியாச்சு’ மின்னஞ்சலை நம்பாதீர்கள். கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள்.