பந்தய நாளிலிருந்து பின்னோக்கி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து பழைய 36 அடி பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். எட்டு மாதத்தில் ஒரு கடல் பந்தயம். நான்கு இரவு கடலிலேயே கழியும். இரண்டு மாதம் முன்பு எக்செல்லில் 140 வேலைகள் எழுதினேன். 30 முடித்துவிட்டோம், ஆனால் மிச்சம் இப்போது 170. வாரக்கடைசி எல்லாம் படகிலேயே போகிறது. குழுவில் முணுமுணுப்பு. அட்டவணையில் எங்கே தப்பு செய்தேன்?

ர.

அன்புள்ள ர.,

பட்டியல் நீள்வது உங்கள் தப்பு இல்லை. பழைய படகில் ஒரு பலகையைக் கழற்றினால் அடியில் மூன்று வேலை காத்திருக்கும். ஆனால் 170 வேலையையும் முடித்துவிட்டுத்தான் கடலுக்குப் போவது என்று நினைத்தால் போகவே மாட்டீர்கள். இன்றிலிருந்து முன்னோக்கி அடுக்குவதை விட்டுவிட்டுப் பந்தய நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

டொனால்ட் குரோஹர்ஸ்ட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1968-இல், தனியாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் பந்தயத்துக்காக அவர் புதுப் படகு கட்டினார். அது தண்ணீரில் இறங்கியதே செப்டம்பர் கடைசியில். புறப்பட அனுமதித்த கடைசி நாள் அக்டோபர் 31. அன்றுதான் அவர் கிளம்பினார். உள்ளே வந்த தண்ணீரை இறைக்கும் பம்புக்கான குழாய் கரையிலேயே தங்கிவிட்டது. 1969 ஜூலையில் படகு நடுக்கடலில் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அதே பந்தயத்தில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஜூன் 14-ஆம் தேதியே கிளம்பிவிட்டார். அவரது படகு சின்னது, மெதுவானது. ஆனால் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து வரை அவர் ஏற்கெனவே ஓட்டிப் பழகியது. சுற்றை முடித்தது அவர் ஒருவர்தான்.

அதனால் கடைசி ஆறு வாரத்தை முதலில் பூட்டி வையுங்கள். அந்த நாட்களில் புது வேலை கிடையாது, உடைந்ததைச் சரிசெய்வது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் படகை ஓட்டுங்கள். இரவில் ஓட்டுங்கள், காற்று பலக்கும்போது பாயைச் சுருக்கிப் பழகுங்கள், கடலில் ஆள் விழுந்தால் மீட்கும் பயிற்சியை ஆறு பேரும் மாறி மாறிச் செய்யுங்கள். பலகைக்கு வார்னிஷ் பூசுவதைவிட இதில்தான் வேகமும் இருக்கிறது.

அதற்கு முன்னால் வருவது, அடுத்தவர் கையில் இருக்கும் வேலைகள். பாய் தைப்பவர், லைஃப் ராஃப்ட் (ஆபத்தில் ஏறித் தப்பும் காற்றடைத்த மிதவை) சர்வீஸ், உயிர்காப்புப் பயிற்சி வகுப்பு. பந்தயம் நெருங்கும்போது எல்லாப் படகும் இவர்களிடம்தான் வரிசையில் நிற்கும். பந்தய அறிவிப்பை இன்றே எடுத்து, பாய்மரப் படகோட்டத்துக்கான சர்வதேச அமைப்பான வேர்ல்டு செய்லிங்கின் கடல் பாதுகாப்பு விதிகளில் எந்தப் பிரிவு உங்களுக்கு என்று பாருங்கள். அதில் இருப்பது இல்லாமல் உங்களைத் தொடக்கக் கோட்டுக்கே விட மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில், பயப்பட வேண்டியதைச் சோதியுங்கள்: கீலை (படகின் அடியில் தொங்கும் கனமான பகுதியை) உடலோடு பிணைக்கும் போல்ட், சுக்கான், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள். ஒருமுறை நான் பருத்தித் துணியால் கம்பியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். கீழ்முனைக்கு ஒரு விரல்கடை மேலே துணி சிக்கியது. 19 இழையில் ஒன்று அறுந்து, முள்ளாய் நீட்டிக்கொண்டிருந்தது. பாய்மரத்தை இறக்கிக் கம்பி அத்தனையும் மாற்ற ஐந்து வாரம் ஆயிற்று. பந்தயத்துக்கு ஏழு மாதம் இருந்ததால் பிழைத்தோம். பந்தயத்துக்கு முந்தின வாரம் அதைப் பார்த்திருந்தால் வீட்டுக்குத்தான் போயிருப்போம்.

இப்போது அந்த 170-ஐ எடுங்கள். விதி கேட்பது, உயிர் காப்பது, பாய்மரத்தையும் சுக்கானையும் நிற்கவைப்பது, இவ்வளவும் இருக்கட்டும். மற்றதைப் ‘பந்தயத்துக்குப் பிறகு’ என்று இன்னொரு தாளுக்கு மாற்றிவிடுங்கள். மிஞ்சும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒருவர் பெயர்தான் இருக்க வேண்டும். ‘எல்லோரும்’ என்று எழுதிய வேலையை யாரும் செய்வதில்லை. வாரக்கடைசியில் நான்கு பேர் வந்தால் போதும், இரண்டு பேர் வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை, வேலை எவ்வளவு கிடந்தாலும், ஆறு பேரும் பாயை ஏற்றிக்கொண்டு வெளியே போய்விட்டு வாருங்கள்.