ராயபுரம் குடோனுக்கு 3.9 பேனல் போதுமா?
ராயபுரம் குடோனில் விர்ச்சுவல் புரொடக்‌ஷன் செட் (நடிகருக்குப் பின்னால் எல்ஈடி சுவரில் காட்சியை ஓடவிட்டுப் படமெடுக்கும் அரங்கு) போட, கல்யாண மேடைக்கு வாடகைக்கு விடும் 3.9 மி.மீ. பிட்ச் (ஒளிப்புள்ளிகளுக்கு இடையேயான தூரம்) உள்ள எல்ஈடி பேனல் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் நண்பரே. சுவர் நடிகருக்குப் பின்னால் கிட்டத்தில் இருந்து, ஃபோகஸ் கொஞ்சம் சுவர்ப் பக்கம் நழுவினாலே மொய்ரே (படத்தில் தெரியும் அலை அலையான கோடுகள்) வந்துவிடும், அதை எடிட்டில் துடைப்பது பெரும்பாடு. 2.6 அல்லது அதற்குக் கீழே பாருங்கள். ரிஃப்ரெஷ் ரேட் (பேனல் நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது) 3840 ஹெர்ட்ஸாவது இருக்கட்டும். 1920 என்றால் ஷட்டரைக் கொஞ்சம் மாற்றினாலும் கறுப்புக் கோடு ஓட வாய்ப்பு அதிகம். சுவருக்குப் படம் அனுப்பும் பிராசஸரில் ஜென்லாக் (கேமராவோடு நேரத்தை ஒத்திசைக்கும் வசதி) உண்டா என்று கட்டாயம் கேளுங்கள், அது இல்லாமல் கேமராவும் சுவரும் ஒத்துப்போகாது. அப்புறம், அங்கே கடல் உப்புக்காற்று கனெக்டர்களை அரித்துவிடும், குடோனை அடைத்து ஏசி போடும் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் கேமராவையே எடுத்துப்போய் 4 பேனலை எரியவிட்டு ஷூட் செய்து பாருங்கள்.