அறுத்த மாட்டின் ஈரலில் இலைப்புழு: மீதி மாடுகளுக்கு என்ன செய்வது?

வணக்கம். ஈரலை அறுத்தபோது பித்தக்குழாயிலிருந்து இலை மாதிரி புழு வந்ததாகவும், குழாய் சுண்ணாம்புபோல் கெட்டியாகிக் கத்தியில் நறநறத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது ஈரல் தட்டைப்புழுதான். குழாய் கெட்டிப்பட்டிருந்தால் தொற்று பல மாதம் பழையது.

ஈரலை முழுதும் கழித்துப் புதையுங்கள், நாய்க்குப் பச்சையாகப் போடவே வேண்டாம். இந்தப் புழு தசையில் தங்காது. அறுத்த மாடு நல்ல உடல்நிலையில் இருந்து, இறைச்சி ஆய்வாளரும் சரி என்றால் கறியை உண்ணலாம்.

உங்கள் கவலை மீதி நான்கு மாடுகள் மீது இருக்கட்டும். ஒரே வாய்க்கால் ஓரத்தில்தானே மேய்கின்றன? இந்தப் புழுவின் இளம்பருவம் நீர் நத்தைக்குள் வளரும்; அதிலிருந்து வெளிவரும் புழுக்குஞ்சுகள் நீரோரப் புல்லில் ஒட்டியிருக்கும், அதை மேயும் மாட்டுக்குத் தொற்றும். புழுமுட்டை இருக்கிறதா என்று சாணத்தைப் படிவு முறையில் (நீரில் கரைத்து அடியில் படிவதைப் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். முட்டை கனமானது, உப்புக்கரைசல் மிதவை முறையில் தவறிவிடும். தொற்றி மூன்று மாதத்துக்குள் முட்டையே வராது, அதனால் 'இல்லை' என்ற முடிவை மட்டும் நம்பாதீர்கள்.

ஆக்சிக்ளோசனைடு என்ற புழுமருந்து உடல் எடையில் கிலோவுக்கு 10–15 மி.கி.; 300 கிலோ மாட்டுக்கு 3–4.5 கிராம். இது வளர்ந்த புழுவை மட்டும் கொல்லும், ஆகவே 8–10 வாரத்தில் மறுபடி கொடுங்கள். டிரைகிளாபெண்டசோல் என்ற மருந்து (கிலோவுக்கு 12 மி.கி.) இளம்புழுவையும் கொல்லும், ஆனால் கறவை மாட்டுக்கு வேண்டாம். எடையைக் குறைத்து மதிப்பிட்டு மருந்து கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மார்பளவு எடுத்துக் கணக்கிட்டு, கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.