பட்டாணி அளவில் நிற்கும் பன்னீர் திராட்சை

உங்கள் காட்பாடி மாடிப் பந்தலில் பன்னீர் திராட்சை பத்து நாளாகப் பட்டாணி அளவிலேயே இருக்கிறது, தண்ணீரைக் கூட்டலாமா என்கிறீர்கள். கூட்டாதீர்கள். காய் நின்றுபோகவில்லை, பாதி வழியில் மூச்சு வாங்குகிறது. பெரும்பாலும் காரணம் இதுதான்.

திராட்சை இரண்டு தவணையாகப் பருக்கும். பிஞ்சு பிடித்த முதல் சில வாரங்களில் செல்கள் பிரிந்து எண்ணிக்கை கூடும், அளவும் ஏறும். அப்புறம் வளர்ச்சி மந்தமாகி, விதை முற்றும். அதன்பின் புதுச் செல் கிடையாது. இருக்கிற செல்களே தண்ணீரும் சர்க்கரையும் ஏற்றிக்கொண்டு உப்பும்.

ஒரு காயைப் பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். விதை பிளேடுக்கு மசியாமல் கெட்டியாக இருந்தால் சரி, காத்திருங்கள். தினமும் விரலால் லேசாக அழுத்தியும் பாருங்கள். நிறம் மாறும் முன்பே காய் இளகும், இரண்டாம் தவணை அப்போதுதான் தொடங்கும். அதே குலையில் மிளகளவில் இருப்பவற்றையும் வெட்டுங்கள். உள்ளே விதை இல்லையென்றால் கருவுறுதல் சரியாக நடக்கவில்லை. அவை இனிப் பருக்காது.

ஒன்று மட்டும்: பிஞ்சுப் பருவத்தில் வேலூர் வெயிலில் கொடி வாடியிருந்தால், அப்போது காயில் குறைந்த பருமனை இப்போது தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட முடியாது. மண்ணைக் காயவிட்டு, பழுக்கும் நேரத்தில் ஒரேயடியாக ஊற்றினால் தோல் வெடிக்கும். பூச்சிமருந்துக் கடையில் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியை நீட்டுவார்கள். அது பெரும்பாலும் விதையில்லா ரகங்களுக்கு. பன்னீருக்கு, அதுவும் இந்தக் கட்டத்தில், வீண் செலவு.