கடைவீதிக் கேள்வி-பதில்: தோட்டா இல்லாத துப்பாக்கி

சென்ற முறை, காட்டுப்பன்றியை விரட்டச் சத்தம் போடும் கருவி ஒன்றைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதினேன். அதிலிருந்து தபாலில் பாதி துப்பாக்கியாகவே வருகிறது. தோட்டாவுக்குத் தட்டுப்பாடு என்று கடைக்காரர்கள் சொல்வதும் சேர்ந்துகொண்டதால் இந்த முறை முழுக்க அதுவே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மூன்று ஏக்கரில் நிலக்கடலை. பன்றி ஒரே இரவில் தோண்டிப் போட்டுவிடுகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று 12 போர் (bore, குழலின் அளவு) ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு உரிமம் வாங்கிவிட்டேன். கடையில் துப்பாக்கி இருக்கிறது. தோட்டா எப்போது வரும் என்று தெரியாதாம். "இப்போது விட்டால் விலை ஏறிவிடும்" என்கிறார் கடைக்காரர். வாங்கி வைத்துவிடலாமா?
— எஸ்.எம்., பேரணாம்பட்டு

வேண்டாம். தோட்டா வந்த பிறகும் ஒரு முறை யோசியுங்கள்.

உரிமம் கையில் இருந்தால் பன்றியைச் சுட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்கள். முடியாது. காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடவே அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சுடலாம். அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுடுவார்கள், நீங்கள் அல்ல. பேரணாம்பட்டில் பல நிலங்களின் வரப்பில் நின்றாலே காடு தெரியும். உங்கள் நிலம் எந்தக் கணக்கில் வருகிறது என்பதை முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். மனுவும் அங்கேயே கொடுங்கள்.

மீதி இருப்பது வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டுவது. கடலை காய் பிடித்ததிலிருந்து பறிக்கும் வரை இரவுக்கு இரண்டு வெடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் தோட்டா நிறைந்திருக்கும் காலத்திலேயே அந்தச் செலவைக் கடலை தாங்காது. உரிமத்தில் ஆண்டுக்கு இத்தனை தோட்டா, ஒரே நேரத்தில் இத்தனை என்று எழுதியிருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். பாதிப் பருவத்தில் தீர்ந்துவிடும்.

விலை ஏறும் என்பது கடைக்காரரின் கவலை. தோட்டா இல்லாத நாளில் துப்பாக்கி யார் வாங்குவார்கள்? தேங்கிக் கிடக்கும் சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார். வாங்குவதற்கு உரிமத்தில் குறித்த காலம் முடியப் போகிறது என்றால், நீட்டிப்புக் கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தோட்டா கிடைக்கவில்லை என்பதையே காரணமாகக் காட்டலாம்.

அதே பணத்துக்குச் சூரிய மின்வேலி வருமா என்று பாருங்கள். 2023ஆம் ஆண்டு விதிகளின்படி அதையும் வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுக்கும் யோசனையும், யாராவது விற்க வரும் அவுட்டுக்காயும் (விலங்கு கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வேண்டவே வேண்டாம். பேரணாம்பட்டுப் பக்கம் யானை நடக்கிற ஊர்.

தம்பி திருமணத்தில் மாப்பிள்ளை அழைப்பின்போது வானத்தை நோக்கிச் சுட ஆசை. வட இந்தியக் காணொளிகளில் பார்த்தேன். துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்குமா?
— ஆர்., வாலாஜாபேட்டை

2019இல் திருத்திய ஆயுதச் சட்டத்தில் இதற்கென்றே இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தனிப் பிரிவு இருக்கிறது. நாதஸ்வரம் வையுங்கள்.

ராணுவத்தில் 17 ஆண்டு. ஓய்வுக்குப் பிறகு வங்கிக் காவல் வேலைக்குச் சொந்தத் துப்பாக்கி இருந்தால் எடுத்துக்கொள்வதாக ஏஜென்சி சொல்கிறது. 12 போருக்கு உரிமம் கிடைத்துவிட்டது. ஆற்காட்டில் தெரிந்தவரிடம் நல்ல இரட்டைக்குழல் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. ஆனால் தோட்டா கேட்டுக் கடைக்குப் போனால், "துப்பாக்கியும் எங்களிடமே வாங்கினால்தான் தோட்டா தருவோம், கையிருப்பு குறைவு" என்கிறார்கள். என்ன செய்வது?
— முன்னாள் ராணுவ வீரர், கம்மவான்பேட்டை

ஐயா, ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர்க்காரரிடம் இப்படிப் பேசுகிற கடையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொரு பொருளைத் தருவேன் என்று நிபந்தனை போடுவதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை" என்று சொல்கிறது. ரேஷன் கடையில் டீத்தூள் வாங்கினால்தான் சர்க்கரை என்று சொன்னால் சண்டை போடுகிற நாம், கடை பெரிதாக இருந்தால் தலையாட்டிவிட்டு வருகிறோம். அவர்கள் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். குறைந்தது குறுஞ்செய்தியாவது வாங்குங்கள். தரமாட்டார்கள். பிறகு நீங்களே தேதி போட்டு, "இன்ன நாளில் இப்படிச் சொன்னீர்கள்" என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆயுத வியாபாரி ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதிவேட்டில் கணக்கு வைத்திருக்க வேண்டியவர். "இல்லை" என்பது மெய்யா பொய்யா என்று அதிகாரி புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த நினைப்பே பல கடைகளில் தோட்டாவை வரவழைத்துவிடும். நகர்ந்து கொடுக்கவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

தட்டுப்பாடு முழுக்கக் கட்டுக்கதை என்று சொல்லமாட்டேன். நம் நாட்டில் சாதாரண உரிமக்காரர் வாங்கும் 12 போர் தோட்டாவில் பெரும்பகுதி புணேயை அடுத்த கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து வருவது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தை ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தபோது, அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் போனது. ராணுவத்துக்குச் சரக்குச் செய்கிற இடமும் அதுவே. வெளிநாட்டுத் தோட்டாவை நீங்களும் நானும் இறக்குமதி செய்துகொள்ள வழியில்லை. தெருவுக்கு ஒரே குழாய் இருந்தால் என்ன ஆகும் என்பதை வேலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குழாயடியில் நின்றுகொண்டு, "என் குடத்தையும் சேர்த்து வாங்கு" என்கிறவனைத்தான் நான் திட்டுகிறேன்.

துப்பாக்கிக் கடை மட்டுமா இப்படி? இயந்திரத்தை மலிவாகக் கொடுத்துவிட்டு அதன் தீனியில் நம்மைப் பிடிக்கிற வியாபாரம் எங்கும் இருக்கிறது. என் மேஜைமேல் ஒரு பிரிண்டர் இருக்கிறது. மைக்குப்பி இரண்டு தடவை மாற்றினால் இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம். வேறு குப்பியைப் போட்டால் ஏற்க மறுத்துச் சிவப்பு விளக்கைக் காட்டுகிறது. சமையலறையில் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பான். அதன் வடிகட்டி அந்த நிறுவனத்தின் ஆள் கொண்டுவந்தால்தான் உண்டு. ஆள் எட்டு மாதமாக வரவில்லை. இப்போது அதன் தலையில் ஊறுகாய் ஜாடி. விற்கும்போது தீனியின் விலையையும், எத்தனை ஆண்டு அது கிடைக்கும் என்பதையும் பில்லிலேயே எழுத வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால், அன்றைக்கு நான் இந்தப் பகுதியை நிறுத்திவிட்டு ஓய்வெடுப்பேன். வராது.

இனி அந்த ஆற்காட்டுத் துப்பாக்கி. விலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கைமாற்றுவதற்கு முறை உண்டு. விற்பவர் தன் எண்ணத்தை மாவட்ட நடுவரான ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கொடுக்க வேண்டும். அதற்கு முன் பணத்தையும் கொடுக்காதீர்கள். அந்த இடைவெளியில் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். குழலின் உட்புறத்தில் துரு தின்ற குழி இருக்கிறதா, மூட்டு ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய சீமைத் துப்பாக்கியாக இருந்தால் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தை அளந்தே ஆக வேண்டும். இரண்டரை அங்குல அறையில் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா நுழைந்துவிடும். வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததைப் போட்டுச் சுடுகிறவர்கள் இங்கேதான் விரலை இழக்கிறார்கள்.

கடைசியாக, அந்த ஏஜென்சியிடம் தோட்டாச் செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். துப்பாக்கியும் உங்களுடையது, தோட்டாவும் உங்களுடையது என்றால் சம்பளத்தைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

இறந்துபோன அண்ணன் பெட்டியில் 1990 வாக்கில் வாங்கிய தோட்டா ஒரு டப்பா இருக்கிறது. தட்டுப்பாடான நேரத்தில் நல்ல விலை போகுமா?
— பெயர் வேண்டாம், குடியாத்தம்

உரிமம் இல்லாதவர் தோட்டா வைத்திருப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். இந்தக் கடிதத்தை எனக்கு எழுதிய நேரத்தில் காவல் நிலையத்துக்கு எழுதியிருக்கலாம்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பதக்கம் வாங்கியதிலிருந்து என் மகளுக்குத் துப்பாக்கி சுடுதலில் ஆர்வம். வயது 13. பயிற்சியாளர் சொந்தமாக ஏர் ரைபிள் வாங்கச் சொல்கிறார். ஆனால் அதில் போட நல்ல ரவை (சிறு ஈயக் குண்டு) கிடைப்பதில்லை, விலையும் கூடிவிட்டது என்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு தந்தை, சத்துவாச்சாரி

மனு பாக்கர் அந்த இரண்டு வெண்கலத்தையும் வாங்கியது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். மகளுக்கு ரைபிளா பிஸ்டலா என்பதையே இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறதே! கிளப்பின் துப்பாக்கியில் ஆறு மாதம் சுடட்டும். அந்தப் பணத்தில் ரவை வாங்குங்கள். குழல் 4.5 மில்லிமீட்டர், ரவை பாயும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது என்றால் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை; அடையாள அட்டை காட்டிப் பில்லோடு வாங்கலாம். அதனால் அவசரமும் இல்லை. எந்த ரவை தடையில்லாமல் கிடைக்கிறதோ அதைப் போட்டு, குறி சிதறாமல் விழுகிறதா என்று சோதித்த பிறகே துப்பாக்கியைத் தேர்ந்தெடுங்கள். சோதிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். மகள் மாடியிலிருந்து கிளியைக் குறி பார்க்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு.

வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம். ராணுவ அதிகாரி மாற்றலாகிப் போகிறாராம். ஏர் ரைபிளும் ஐந்து டப்பா ரவையும் பாதி விலைக்கு. சீருடையில் படமும் அடையாள அட்டையும் அனுப்பினார். முன்பணம் 4,000 கொடுத்தேன். பிறகு கூரியர், வரி, "திரும்பத் தரும் வைப்புத்தொகை" என்று 11,500 வரை போய்விட்டது. தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வீட்டில் சொல்லவில்லை.
— ஜே., ஆம்பூர்

முதலில் வீட்டில் சொல்லுங்கள். நீங்கள் திருடவில்லை, உங்களிடம் திருடியிருக்கிறார்கள். அந்தச் சீருடைப் படத்தைக் காட்டிச் சோபா, ஸ்கூட்டர், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் விற்றிருக்கிறார்கள். படித்த அதிகாரிகளே விழுந்த வலை அது.

இதைப் படித்து முடிப்பதற்குள் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் போன தேதி, நேரம், பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். பணம் இன்னும் எங்காவது ஒரு கணக்கில் நின்றிருந்தால் முடக்கிவைக்க வழி உண்டு. நாள் போகப் போக அது குறையும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள். "இன்னும் 2,000 அனுப்பினால் எல்லாம் திரும்பி வரும்" என்று மறுபடி அழைப்பான். எடுக்காதீர்கள். முழுத்தொகையும் வரும் என்று உங்களுக்கு நம்பிக்கை சொல்ல எனக்கு மனமில்லை; ஆனாலும் புகார் கொடுங்கள்.

என் மகன் அமெரிக்காவில் டல்லாஸில் எச்-1பி விசாவில் இருக்கிறான். பக்கத்து வீடுகளில் எல்லாரும் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார்களாம். தோட்டாத் தட்டுப்பாடு வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், முன்பே வாங்கிவிடவா என்று கேட்கிறான்.
— ஒரு தாய், காட்பாடி

அம்மா, உங்கள் மகன் தோட்டாவைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் விசாவைப் பார்க்கட்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதை நண்பர்களிடம் கேட்கக் கூடாது, வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். ஒரு கைத்துப்பாக்கிக்காக வேலையையும் விசாவையும் பணயம் வைக்க வேண்டுமா?

தட்டுப்பாடு அங்கே புதிதல்ல. 2013இல் .22 தோட்டாவுக்கு அலைந்தார்கள். 2020இல் கொரோனா பயத்தில் புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடைக்குப் போனார்கள். அதே ஆண்டு, துப்பாக்கியும் தோட்டாவும் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் திவாலானது. அலமாரிகள் காலியாகின, விலை தாறுமாறாக ஏறியது. பிறகு சரக்கு திரும்பி வந்தது. பயத்தில் மூட்டை கட்டியவர்கள் கூடுதல் விலை கொடுத்ததுதான் மிச்சம்.

தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி. அவருக்கு 74 வயது. தோட்டா கிடைக்காததால் விற்றுவிடலாம் என்கிறார் அப்பா. எனக்கு மனமில்லை.
— வி., ஆரணி

தோட்டா இல்லை என்பதற்காக விற்காதீர்கள். இப்போது விற்றால் விலையும் வராது. உரிமக்காரருக்கு 70 வயது ஆகிவிட்டால், அவர் காட்டும் வாரிசுக்கு உரிமம் கொடுக்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இடம் இருக்கிறது. தாத்தா நன்றாக இருக்கும்போதே உங்கள் பெயரைக் காட்டி மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். உரிமம் வரும் வரை நீங்கள் அதைத் துடைக்கக்கூட எடுக்க வேண்டாம்.

உரிமம் உண்டு, துப்பாக்கி உண்டு. ஒரு கடையில் 50 தோட்டா வந்திருக்கிறதாம், இரட்டை விலை. தேர்தல் நேரத்தில் பாதுகாப்புக்கு வாங்கி வைக்கலாமா?
— டி.கே., ராணிப்பேட்டை

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தோட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், எறியவா? பில்லில் அந்த இரட்டை விலையை எழுதித் தருவாரா என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.